மாற்றங்களுக்குப் பின் மைலேஜ் சரிந்தால் எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியில் இருக்கும் விவரங்களை முதலில் ஒரே இடத்தில் தொகுத்துக்கொள்கிறேன். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஹேட்ச்பேக். இரண்டு ஆண்டுகளாக லிட்டருக்குச் சராசரியாக 17 கி.மீ. கொடுத்துவந்தது. ஒரே மாதத்துக்குள் 185/65 ஆர்15 டயர்களை எடுத்துவிட்டு 205/65 ஆர்15 டயர்களை அலாய் வீலோடு போட்டிருக்கிறீர்கள். காற்றுப் பெட்டியைக் கழற்றிக் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் வைத்திருக்கிறீர்கள். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதிலாக, தனித்தனிக் குழாய்கள் கொண்ட ஹெட்டரும், அதன் பின்னால் புகையை அதிகம் தடுக்காத ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் பூட்டியிருக்கிறீர்கள். கூடுதல் விளக்குகளும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்திருக்கின்றன. இப்போது 12.5 கி.மீ.தான் வருகிறது. செக் எஞ்சின் விளக்கு ஒருமுறை எரிந்தது, பட்டறையில் ஸ்கேனரை மாட்டி அணைத்துவிட்டார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் பட்பட்டென்று வெடிக்கிறது. வண்டியின் சுயபரிசோதனை அமைப்பான ஓபிடியைப் படிக்கும் செயலியில் நீங்கள் பார்த்த நீண்டகால எரிபொருள் திருத்தம் (எஞ்சின் கணினி பெட்ரோல் அளவில் தானே செய்துகொள்ளும் கூட்டல், கழித்தல்) ஐட்லிங்கில் +18 சதவீதம், சாலையில் சீராகப் போகும்போது +12.

பல மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்துவிட்டால், எதைச் சந்தேகிப்பது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கத் தோன்றும். அதற்கு முன் ஒரு பிரிவினையைச் செய்துகொள்வது பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். மைலேஜ் குறைவதற்கு மூன்றே வழிகள்தான் உண்டு. ஓடிய தூரத்தைக் கருவி தவறாக எண்ணலாம். வண்டியை நகர்த்த முன்பைவிட அதிக வேலை தேவைப்படலாம். அல்லது அதே வேலைக்கு எஞ்சின் அதிக எரிபொருளைக் கொட்டலாம். முதலாவதற்குப் பென்சிலும் தாளும் போதும். இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்துக்காட்டும் சான்று ஓபிடி சாக்கெட்டிலேயே கிடைக்கிறது, உங்கள் கையில் அதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது.

தூரத்திலிருந்து தொடங்குகிறேன். 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 621.5 மி.மீ.; 205/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 647.5 மி.மீ. அகலத்தை மட்டும் கூட்டியதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் 65 என்ற எண் அகலத்தில் இத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பதைக் குறிப்பதால், அகலம் கூடினால் உயரமும் சேர்ந்தே கூடுகிறது. வித்தியாசம் ஏறக்குறைய 4.2 சதவீதம். சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை வைத்தே ஓடோமீட்டர் தூரத்தைக் கணக்கிடுவதால், நீங்கள் உண்மையில் 100 கி.மீ. ஓட்டினால் அது 96 என்று காட்டும். எனவே உங்களுடைய 12.5 உண்மையில் 13 கி.மீ. இதைக் கணக்கோடு விட்டுவிடாமல், நெடுஞ்சாலையில் 50 கி.மீ. தூரத்துக்குக் கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் தூரத்தையும் ட்ரிப் மீட்டரையும் ஒப்பிட்டுச் சரிபார்த்துவிடுங்கள். வேகமானி இந்தச் சோதனைக்கு உதவாது. உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்ற விதிக்காகத் தயாரிப்பாளர்கள் அதைச் சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைக்கிறார்கள். பெரிய டயர் போட்ட பிறகு வேகமானி முன்பைவிட உண்மைக்கு நெருங்கி வந்திருக்கும் என்பது இதில் ஒரு வேடிக்கை.

எரிபொருளை அளந்த முறையும் சரியாக இருக்க வேண்டும். அதே பங்க், முடிந்தால் அதே குழாய், முதல்முறை தானாக நின்றதும் நிறுத்திவிடுவது, அடுத்த முறையும் அப்படியே செய்வது, குறைந்தது இரண்டு டேங்க் சராசரியை எடுப்பது என்ற ஒழுங்கு இல்லாவிட்டால் ஒரு லிட்டர் முன்பின்னாகப் போவது மிகச் சாதாரணம். டேஷ்போர்டின் திரை காட்டும் மைலேஜை மட்டும் நம்பியிருந்தால் அதையும் டேங்க் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறந்துவைத்தோம் என்று எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூ தானே எழுதிக்கொள்ளும் கணக்கு அது. இடையில் டியூனிங் பாக்ஸ் ஒன்றைச் செருகி, ஈசியூவுக்குத் தெரியாமல் இன்ஜெக்டரின் நேரத்தை நீட்டியிருந்தால், திரை பழைய மைலேஜையே காட்டிக்கொண்டிருக்கும், டேங்க் மட்டும் காலியாகும். உங்கள் வண்டியில் அப்படி எதுவும் இல்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

இனி லிட்டருக்கு இத்தனை கி.மீ. என்ற அளவை விட்டுவிட்டு, 100 கி.மீ.க்கு இத்தனை லிட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இழப்புகளைக் கூட்டிப் பார்க்க அந்த அளவுதான் ஒத்துவரும். 17 கி.மீ. என்பது 100 கி.மீ.க்கு 5.88 லிட்டர். 13 கி.மீ. என்பது 7.69 லிட்டர். ஆக, விளக்கம் தேவைப்படுவது 1.8 லிட்டருக்கு. இந்த 1.8 லிட்டரை ஒவ்வொரு மாற்றத்துக்கும் பங்கிட்டுப் பார்த்தாலே, எது சந்தேகத்துக்குரியது, எது இல்லை என்பது தெளிவாகிவிடும்.

டயர்கள்தான் காரணம் என்று பலரும் சொல்லியிருப்பார்கள். ஓரளவு உண்மை. ஆளோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள வண்டியில் டயரின் உருளும் தடைக் கெழு 0.010 என்பதிலிருந்து 0.012 ஆக உயர்ந்தால், தடை விசை ஏறத்தாழ 20 நியூட்டன் கூடுகிறது. 100 கி.மீ. தூரத்துக்கு இது 20 லட்சம் ஜூல் வேலை. எஞ்சினின் திறனை 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பெட்ரோலில் அது 0.2 லிட்டர். கெழு 20 சதவீதம் உயர்வதே பெரிய மாற்றம். அதற்கே இவ்வளவுதான் விலை. உருளும் தடையில் 10 சதவீத மாற்றம் எரிபொருள் சிக்கனத்தில் 1 முதல் 2 சதவீதத்தை மாற்றும் என்று அமெரிக்காவின் போக்குவரத்து ஆய்வு வாரியம் 2006-இல் வெளியிட்ட அறிக்கை சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது. தேய்ந்த டயரைவிடப் புதிய டயருக்கு உருளும் தடை அதிகம் என்பதையும் சேர்த்து 0.25 லிட்டர் என்று எழுதிக்கொள்வோம். அலாய் வீலும் டயரும் சேர்ந்து சக்கரத்துக்கு 3 கிலோ கூடியிருந்தால், சுழலும் எடை என்பதால் ஒவ்வொரு சிக்னலிலும் கிளம்பும்போது அது ஏறக்குறைய இரட்டிப்பாக உறைக்கும், அப்படியும் 0.1 லிட்டரைத் தாண்டாது.

விளக்குகளுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆல்டர்னேட்டர், எஞ்சின் இரண்டின் திறனையும் சேர்த்துப் பார்த்தால், தொடர்ந்து 100 வாட் எடுக்கும் ஒரு சாதனம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 0.06 லிட்டர் பெட்ரோலைத் தின்கிறது. ஆம்ப்ளிஃபயரின் அட்டையில் எழுதியிருக்கும் வாட் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாட்டுக் கேட்கையில் அது சராசரியாக எடுப்பது அதில் சிறு பங்குதான். இதற்கும் 0.1 லிட்டர் போதும்.

மாற்றங்களின் பட்டியலில் இல்லாத ஒன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உங்கள் பழைய 17 கி.மீ. சராசரியில் ஒரு பகுதி, 10 சதவீதம் எத்தனால் கலந்த இ10 பெட்ரோலில் கிடைத்ததாக இருக்கலாம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், இ10-இலிருந்து இ20-க்கு மாறும்போது ஆற்றல் அளவில் 3 முதல் 4 சதவீதம் இழப்பு தவிர்க்க முடியாதது. 100 கி.மீ.க்கு 0.2 லிட்டர். நீங்கள் பட்டறைக்குப் போன அதே மாதத்தில்தான் இது நடந்திருக்கும் என்பதில்லை. ஆனால் மாற்றத்துக்கு முன், பின் என்று ஒப்பிடும்போது இதையும் ஹெட்டரின் தலையில் கட்டிவிடக் கூடாது.

எல்லாவற்றையும் தாராளமாகவே எழுதியும் கூட்டுத்தொகை 0.65 லிட்டர்தான். இன்னும் 1.15 லிட்டர் மிஞ்சுகிறது. டயரோ விளக்கோ எடையோ இந்த அளவை விழுங்க முடியாது. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலோ, எஞ்சின் வீணடித்தாலோ மட்டுமே இவ்வளவு பெரிய தொகை காணாமல் போகும்.

பிரேக்கை விலக்கிவிடுவது எளிது. வீலைக் கழற்றி மாட்டும் வேலையில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் நகர்வதற்கான ‘பின்’ தண்டு இறுகிப்போவதும், கை பிரேக் கேபிள் முழுதாக விடுபடாமல் இருப்பதும் அடிக்கடி நடப்பவை. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் 10 கி.மீ. ஓட்டிவிட்டு, தானே நிற்கும்படி விட்டு இறங்கி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதி வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒப்பிடுங்கள். ஒரே அச்சிலுள்ள இரண்டில் ஒன்று மட்டும் தெளிவாக அதிகம் சுட்டால் அங்கே பிடிக்கிறது. வீல் அலைன்மென்ட் பார்க்கும் இடத்தில் டோ அளவை, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ எவ்வளவு திரும்பியிருக்கின்றன என்பதை, கேட்டு வாங்குங்கள். டோ தவறினால் டயர் உருள்வதோடு பக்கவாட்டில் இழுபட்டும் செல்லும். காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை, நான்கு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 5 பிஎஸ்ஐ குறைந்திருந்தாலும் 1 சதவீதம்தான். அது பாதுகாப்புக்கும் டயரின் ஆயுளுக்கும் முக்கியம், உங்கள் 1.15 லிட்டருக்கு விடை ஆகாது.

இப்போது எஞ்சினுக்கு வருகிறேன். விஷயம் இங்கேதான் இருக்கிறது. எரிபொருள் திருத்தம் என்ற எண்ணைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். +18 என்றால் எஞ்சின் 18 சதவீதம் கூடுதல் பெட்ரோலை வீணடிக்கிறது என்று பொருளில்லை. ஈசியூ தன் அட்டவணைப்படி ஊற்ற வேண்டிய அளவை ஊற்றியபோது, எரிந்து வெளியேறிய புகையில் ஆக்சிஜன் அதிகம் இருப்பதாக எக்ஸாஸ்ட் குழாயில் முதலாவதாக இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொன்னது. அதனால் ஈசியூ 18 சதவீதம் கூட்டிக்கொண்டது. அவ்வளவுதான் அதன் பொருள். சென்சார் சொன்னது உண்மையானால், கூட்டிய பிறகு காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை சரியான விகிதத்துக்கு வந்திருக்கும், பெட்ரோல் வீணாகாது. சென்சார் ஏமாற்றப்பட்டிருந்தால், ஏற்கெனவே சரியாக இருந்த கலவையின் மேல் ஈசியூ மேலும் பெட்ரோலைக் கொட்டியிருக்கும். திரையில் இரண்டும் ஒரே +18 ஆகத்தான் தெரியும். இரண்டையும் பிரித்தறிவதுதான் இந்த நோயறிதலின் மையம்.

சென்சாரை ஏமாற்றுவதற்கு மிக எளிய வழி, அதற்கு முன்னால் இருக்கும் எக்ஸாஸ்ட் இணைப்பில் ஒரு சிறு கசிவு. கசிவு என்றால் புகை வெளியே போகும், காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்கத் தோன்றும். எக்ஸாஸ்ட் குழாயில் அழுத்தம் ஒரே சீராக இருப்பதில்லை; ஒவ்வொரு சிலிண்டரும் வெளித்தள்ளும் அழுத்த அலையின் பின்னால் ஒரு வெற்றிட அலை தொடர்கிறது, அந்தக் கணத்தில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஐட்லிங்கிலும் குறைந்த சுமையிலும் இந்த இழுப்பின் விளைவு அதிகம். உள்ளே வந்த காற்றின் ஆக்சிஜனைப் பார்த்த சென்சார், கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அறிவிக்கிறது. ஆக்சிலரேட்டரை விடும்போது வெடிக்கும் சத்தமும் இதோடு பொருந்துகிறது: எரியாமல் போன பெட்ரோல் சூடான குழாயில் வெளிக்காற்றைச் சந்தித்து அங்கே எரிகிறது. ஃப்ரீ ஃப்ளோ போட்டால் இப்படித்தான் ஸ்போர்ட்டியாகச் சத்தம் வரும் என்று பூட்டியவர் சொல்லியிருந்தால், அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

ஹெட்டர் மாற்றும் வேலையில் இந்தக் கசிவு உண்டாகப் பல வாய்ப்புகள் இருக்கின்றன. சிலிண்டர் ஹெட்டோடு சேரும் முகப்பு சமமாக இல்லாதது, இடைவெளியை அடைக்கும் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டது, சூடாகி ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்காதது, ஆக்சிஜன் சென்சாருக்காக வெல்டிங் செய்த வளையத்தில் நுண்துளை விழுந்தது என்று எதுவும் இருக்கலாம். கூடவே, சென்சார் எஞ்சினிலிருந்து தள்ளிப் போய்விட்டதால் அதன் வயரை வெட்டி நீட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சென்சாருக்குள் ஒரு சிறு ஹீட்டர் இருக்கிறது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் அதன் மின்சாரம் தடைபட்டால், சென்சார் போதிய வெப்பத்தை எட்டாமல் ஈசியூ அதை நம்புவதையே நிறுத்திவிட்டு, பாதுகாப்புக்காகப் பெட்ரோல் அதிகமுள்ள செறிவான கலவைக்குப் போய்விடும்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்க வேண்டும். கூம்பு ஃபில்டரைப் பொருத்தியபோது, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாயில் எங்காவது காற்று புகும் இடைவெளி உண்டாகியிருந்தாலும் திருத்தம் மேலே போகும். அந்த வகையில் ஐட்லிங்கில் எண் பெரிதாகவும், வேகம் கூடக் கூட இயல்புக்கு அருகிலும் வந்துவிடும். ஏனெனில் அதிகக் காற்று போகும்போது அந்தச் சிறு கசிவு ஒரு பொருட்டில்லை. உங்களுடையது சாலையிலும் +12 ஆகவே நிற்கிறது. மேலும் காற்றை நேரடியாக அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில்தான் இந்தக் கணக்கு முழுமையாகப் பொருந்தும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை மட்டும் அளக்கும் வண்டியாக இருந்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திறக்கும் காற்று மூடியான த்ராட்டிலுக்குப் பின்னால் காற்று புகுந்தால் திருத்தம் அவ்வளவாக ஏறாது, ஐட்லிங் ஆர்பிஎம்தான் ஏறும். எல்லாவற்றையும்விட, இன்டேக் கசிவில் கலவை கடைசியில் சரியாகிவிடுவதால் 1.15 லிட்டர் காணாமல் போகாது.

ஆகவே உறுதிப்படுத்தும் சோதனை, கலவை உண்மையில் செறிவாக இருக்கிறதா என்பதுதான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி, காய்ந்த கரி படிந்து கறுத்திருந்தால் செறிவு. எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தாலோ, ஆயில் மட்டம் கூடியிருந்தாலோ, தாமதம் செய்யாதீர்கள், ஆயில் நீர்த்துப்போய்க்கொண்டிருக்கிறது. புகைச் சோதனை மையத்தில் அளந்து கார்பன் மோனாக்சைடு அளவையும் கேட்டு வாங்குங்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இடத்திலேயே இருந்து, நல்ல நிலையில் இருந்தால் அது கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்க எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது ஒரு வழி உண்டு. காற்றை ஊதும் வசதியுள்ள வேக்யூம் கிளீனரின் குழாயைச் சைலன்சரின் வாயில் துணியால் இறுக்கி வைத்து ஊதவிட்டு, ஹெட்டரின் எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். குமிழி எழும் இடம் கசிவின் இடம். சிலிண்டர் ஹெட் முகப்பில் கேஸ்கெட்டின் ஓரமாகக் கருங்கோடு படிந்திருந்தாலும் அதுவே சான்று. குழாய்க்குள் புகையைச் செலுத்திக் கசிவைக் காட்டும் ஸ்மோக் டெஸ்ட் கருவி உள்ள பட்டறை அருகில் இருந்தால் அதைவிட நல்லது.

இதே வேளையில் ஓபிடி செயலியில் கூலன்ட் வெப்பநிலையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எஞ்சின் வழக்கமாக வேலை செய்யும் வெப்பத்தை எட்டி 85 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் நிலைக்க வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில், சூடு ஏறாமல் இருக்கட்டும் என்று, எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டின் ஓட்டத்தைத் தடுக்கும் தெர்மோஸ்டாட்டையே கழற்றி வைத்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. மற்ற வேலைக்கு விட்ட வண்டியிலும் கேட்காமலே இந்த உபகாரத்தைச் செய்துவிடுவார்கள். நெடுஞ்சாலையில் வெப்பநிலை 70-ஐத் தாண்டாவிட்டால், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்றே நினைத்து ஈசியூ கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கும். செக் எஞ்சின் விளக்கை அணைத்தபோது அழிக்கப்பட்ட பிழைக் குறியீடு எது என்று பட்டறையில் கேட்டுப் பாருங்கள்: பி0171 என்றால் பெட்ரோல் போதவில்லை என்ற அறிவிப்பு, என் சந்தேகத்தோடு பொருந்தும், பி0128 என்றால் தெர்மோஸ்டாட், பி0420 என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். என்ன குறியீடு என்று குறித்துவைக்காமல் அழிப்பது நோயாளியின் பரிசோதனை அறிக்கையைப் படிக்காமலே கிழித்துப் போடுவது போன்றது.

கூம்பு ஃபில்டரை நான் குற்றவாளியாகச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. சாதாரண ஓட்டத்தில் காற்றைத் தடுப்பது ஃபில்டர் அல்ல, பாதி மூடியிருக்கும் த்ராட்டில்தான். அதனால் திறந்த ஃபில்டரால் மைலேஜ் ஏறவும் ஏறாது, பெரிதாக இறங்கவும் இறங்காது. ஆனால் அது பானெட்டுக்குள்ளிருக்கும் சூடான காற்றை இழுப்பதால், உட்காற்று வெப்பநிலை வெளியைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறினால், நாக்கிங் (கலவை முறைதவறி வெடித்து எஞ்சின் தட்டுவது) வராமலிருக்க ஈசியூ தீப்பொறியின் நேரத்தைத் தள்ளிப்போடும். அதில் கொஞ்சம் இழக்கலாம். எண்ணெய் தடவிய ஃபில்டராக இருந்தால் அந்த எண்ணெய் ஏர் ஃப்ளோ சென்சாரில் படிகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய காற்றுப் பெட்டியைத் திரும்பப் போட்டு ஒரு டேங்க் ஓட்டிப் பார்ப்பதில் செலவு ஏதும் இல்லை. ஆனால் அதை ஹெட்டர் வேலையோடு ஒரே நாளில் செய்யாதீர்கள், எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

கசிவை அடைத்த பிறகு, ஈசியூ கற்றுவைத்த திருத்தங்களை ஸ்கேனரால் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய +18-ஐ அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறக்கும், முதல் டேங்க் கணக்கு உங்களைக் குழப்பும். புதிய எண்கள் ஐட்லிங்கிலும் சாலையிலும் 5 சதவீதத்துக்குள் நின்றால் எஞ்சின் குற்றமற்றது என்று முடிவு செய்யலாம். இ20 பெட்ரோலுக்காக 3 அல்லது 4 சதவீதம் மேலே நிற்பது இயல்புதான். வேலை ஒழுங்காக முடிந்தால் 100 கி.மீ.க்குச் சுமார் 6.53 லிட்டர், அதாவது லிட்டருக்கு 15.3 கி.மீ. கிடைக்க வேண்டும். இந்த டயர்கள் இருக்கும்வரை உங்கள் ட்ரிப் மீட்டர் கணக்கில் அது 14.7 என்றுதான் தெரியும்.